சுமைதாங்கிக் கல்

எர்ணாகுளத்திலிருந்து நெடும்பாசேரி விமான நிலையத்தை நோக்கிச் செல்லும் பெருவழியில் அத்தாணி என்றோர் ஊர் இருக்கிறது. அத்தாணி என்றவுடன் தமிழர் மனத்தில் அரசன் கொலுவிருக்கும் மண்டபமே தோன்றும். கேரளத்திலோ அச்சொல் மிக எளிய ஒரு பொருளைக் குறிக்கும். இரண்டு கற்களை நிலத்தில் நட்டு, அவற்றின்மேல் மூன்றாவது கல் ஒன்றைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்பவர்கள் அதன்மீது சுமையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். வண்டிகள் வந்த பிறகு கற்கள் பல இடங்களில் மறைந்துபோயின. ஊர்ப்பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் இதற்குச் சுமைதாங்கி என்று பெயர்.

இக்கல்லின் உயரம் கவனிக்கத்தக்கது. அது திண்ணையைப்போல் தாழ்ந்திராது. நிற்கும் மனிதரின் தோள் உயரத்திற்கு இருக்கும். தாழ்வான இடத்தில் இறக்கிய மூட்டையை மறுபடி தலையில் ஏற்ற இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். தோள் உயரக் கல்லிலோ, துணையின்றி வந்தவரும் தாமே இறக்கி, தாமே மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. சுமையையும் அது பறித்துக்கொள்வதில்லை. வழிப்போக்கர் தம் சுமையோடுதான் ஊர் போய்ச் சேர்வார். வழியில் விழாமல் போய்ச் சேர்வார், அவ்வளவே.

சூலுற்ற நிலையிலேயே, வயிற்றுச் சுமையை இறக்காமல், ஒரு பெண் இறந்துவிட்டால் அவள் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. பிள்ளையைச் சுமந்த களைப்போடு போனவளுக்கு, பிறர் களைப்பைப் போக்கும் ஒரு கல்லை நினைவுச் சின்னமாக்கினார்கள் நம் முன்னோர். பெற்றோரின் களைப்பும் ஊராரின் கடமையும் அந்தக் கல்லில் ஒன்றாக வந்து நிற்கின்றன.

கண்ணில் படாத சுமை

மட்டாஞ்சேரியின் சந்துகளில் நடந்து பார்த்தவர்களுக்கு அவ்வூரின் நெருக்கம் தெரியும். மிளகும் சுக்கும் மணக்கும் பழைய பண்டசாலைகள். அவற்றின் முதுகோடு முதுகு ஒட்டியபடி சிறுசிறு வீடுகள். கொங்கணி, குஜராத்தி, கச்சி மேமன், யூதர், தமிழர் எனப் பலர் தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்த இடம் அது. பக்கத்திலுள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் இன்றும் தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் துணி வெளுக்கின்றன; முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகி, கிளிப்பு எதுவுமின்றி அவர்கள் உலர்த்தும் அழகைப் பயணிகள் நின்று பார்ப்பதுண்டு.

இத்தகைய ஒரு சந்தில், ஒற்றை அறை வீட்டில், பதினைந்து வயது மகனுக்கு மூளை முடக்குவாதம் உள்ள ஒரு தாயின் நாளை எண்ணிப் பார்க்கலாம். இது குறிப்பிட்ட எந்தக் குடும்பத்தின் கதையும் அன்று. இத்தகைய எந்த வீட்டிலும் காணக்கூடிய நாள். விடியுமுன் அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் புண் வரும். பல் துலக்குவதும், குளிப்பாட்டுவதும், உடை மாற்றுவதும், கஞ்சியைத் தொண்டையில் அடைக்காமல் சிறு கரண்டியால் ஊட்டுவதும் முடியும்போது பத்து மணியாகிவிடும். நான்கு வயதில் இடுப்பில் தூக்கிய பிள்ளைக்கு இப்போது நாற்பது கிலோ எடை. தாய்க்கோ வயது ஏறி, இடுப்பு வலியும் சேர்ந்துவிட்டது. இரவில் வலிப்பு வருமோ என்ற அச்சத்தில் தூக்கம் பாதிதான். பதினைந்து ஆண்டுகளாக அவள் ஒரு திருமணத்திற்கு முழுதாகப் போய் உட்காரவில்லை. கோயிலுக்குப் போனால் நடை திறக்கும்வரை நிற்க முடிவதில்லை. தனக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவமனை வரிசையில் நிற்கவும் வழியில்லை.

தந்தையின் நிலையும் எளிதன்று. கூலி வேலைக்குப் போகிறவர் ஒருநாள் தங்கினால் அன்றைய வருமானம் போயிற்று. மட்டாஞ்சேரிக்கு இந்தத் துன்பம் புதியதும் அன்று. துறைமுகத்தில் சாப்பா என்ற உலோக வில்லையை வீசி எறிவார்கள். அதைப் பாய்ந்து பிடித்தவருக்கே அன்றைய வேலை. அம்முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953-ஆம் ஆண்டு செப்டம்பரில் துப்பாக்கிச் சூடு வரை நடந்தது. இன்று சாப்பா இல்லை. ஆயினும், நாளைய வேலை நிச்சயமில்லாத தந்தையிடம் வீட்டுப் பொறுப்பில் பாதியை ஏற்குமாறு உபதேசிப்பது எளிது, அவர் அதைச் செய்வது கடினம்.

களைப்பு உடலோடு நின்றால் தாங்கிக்கொள்ளலாம். அது மனத்தில் இறங்கும்போது சினமாகவும், பிறகு குற்ற உணர்வாகவும் மாறுகிறது. ஏதோ ஒரு நாள், உணவைத் துப்பிய பிள்ளையை அந்தத் தாய் அடித்துவிடுகிறாள். அடித்த கையையே சுவரில் மோதிக்கொண்டு அழுகிறாள். இதை வெளியே சொன்னால் பெற்ற தாயா இவள் என்பார்கள். ஆகவே சொல்வதில்லை. தூக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், அக்கம்பக்கத்தாரைத் தவிர்த்தல் ஆகியவை அவள் கெட்டவள் என்பதற்கான அடையாளங்கள் அல்ல. கல் எதுவுமில்லாத சாலையில் வெகுதூரம் நடந்துவிட்டாள் என்பதற்கான அடையாளங்கள். மருத்துவர்கள் இதைப் பராமரிப்போர் சோர்வு என்று தனியே அடையாளம் காண்கிறார்கள்.

மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயண ஓவியங்கள் உள்ளன. தசரதர் பிள்ளைவரம் வேண்டி வேள்வி செய்வதிலிருந்து அவை தொடங்குகின்றன. பிள்ளை வேண்டிச் செய்யும் வேள்விக்கு ஊரே கூடுகிறது. பிறந்த பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் இல்லை என்று தெரிந்த நாளில் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் தம் தெருவைக்கொண்டு எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

செவிலித்தாயும் கார்த்திகைப் பெண்களும்

தாய் ஒருத்தியே எல்லாம் செய்தாக வேண்டும் என்பது தமிழ் மரபின் கருத்தன்று. அகப்பாடல்களில் தலைவிக்கு இரு தாயர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவியின் உயிர்த்தோழி அந்தச் செவிலியின் மகளே. பாலூட்டியதும், உறங்க வைத்ததும், மகளின் மனமாற்றத்தை முதலில் கண்டுகொண்டதும் பெரும்பாலும் செவிலிதான். இவ்வாறு பொறுப்பைப் பகிர்ந்ததனால் நற்றாயின் அன்பு குறைந்ததாக எந்தப் புலவரும் பாடவில்லை.

முருகப்பெருமானின் கதையோ இன்னும் தெளிவானது. சரவணப் பொய்கையில் தோன்றிய குழந்தைகளைக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் வளர்த்தார்கள். அதனாலேயே அவனுக்குக் கார்த்திகேயன் என்ற திருநாமம். வளர்ப்புத் தாயரின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்ட தெய்வத்தை வணங்குபவர்கள், குழந்தையைச் சிறிது நேரம் பிறரிடம் ஒப்படைக்கும் தாயைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்ற அதிகாரத்தை இல்லறவியலில், ஈகைக்கு முன்னால் வைத்திருக்கிறார். ஈகை, இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, ஒரே ஊரில் வாழ்வோர் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வது. களைத்த பெற்றோருக்குத் துணை நிற்பதை ஈகையின் கணக்கில் சேர்த்தால் பெறுபவர் தலைகுனிய நேரும். ஒப்புரவின் கணக்கில் சேர்ப்பதே பொருந்தும். இன்று அவர் வீட்டில் தேவைப்படுவது நாளை எவர் வீட்டிலும் தேவைப்படலாம்.

கேரளம் கண்ட வழி

பெரிய சுமையைப் பலர் சேர்ந்து தாங்கும் வழியைக் கேரளம் இரண்டு துறைகளில் செய்து காட்டியிருக்கிறது.

முதலாவது, நோய்த் தணிப்புச் சிகிச்சை. 1993-இல் கோழிக்கோட்டில் வலி மற்றும் நோய்த் தணிப்புச் சிகிச்சைச் சங்கம் தொடங்கப்பட்டது. மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் அதன் தொடக்கத்தில் இருந்தனர். நோயாளி மருத்துவமனையில் இருக்கும் நேரம் குறைவு, வீட்டில் இருக்கும் நேரமே அதிகம் என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தார்கள். ஆகவே 2001-ஐ ஒட்டி மலப்புறத்தில் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பும் வலையமைப்பு உருவாயிற்று. அதில் சேர விரும்புவோரிடம் கேட்கப்பட்டது பெரிய தியாகமன்று. வாரத்திற்கு இரண்டு மணி நேரம். ஆசிரியர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் எனப் பலரும் அந்த இரண்டு மணி நேரத்தோடு வந்தார்கள். 2008-இல் கேரள அரசு நோய்த் தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது; இந்திய மாநிலங்களில் இதுவே முதலாவது. அதன் பின்னர் உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர்கள் வீடு தேடிச் சென்று படுக்கையிலிருப்போரைப் பார்க்கும் முறை மாநிலமெங்கும் பரவியது. புற்றுநோயாளிகளுக்காகத் தொடங்கியது, காலப்போக்கில் முடங்கிக்கிடக்கும் குழந்தைகளையும் முதியோரையும் எட்டியது.

இரண்டாவது, குடும்பஸ்ரீ. 1998-ஆம் ஆண்டு மே 17 அன்று மலப்புறத்தில் அப்போதைய பிரதமர் வாஜ்பாயி தொடங்கிவைத்த இத்திட்டத்தின் அடித்தளம் அயல்கூட்டம் எனப்படும் பெண்கள் குழு. பத்து முதல் இருபது வீடுகள் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். வாரந்தோறும் கூடிச் சேமிப்பதும் கடன் கொடுப்பதும் அதன் வெளித்தோற்றம். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது மறைவில்லாமல் தெரியவருவதே அதன் உள்பலன் என்று கூறலாம். யார் கூட்டத்திற்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்டாலே, அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளையோடு கதவடைத்துக் கிடக்கும் தாய் கண்ணுக்குத் தெரிந்துவிடுவாள்.

2004-இல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூரில் பட்ஸ் என்ற பெயரில் முதல் பள்ளி திறக்கப்பட்டது. பட்ஸ் என்றால் மொட்டுகள். (ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் கல்விக்காகப் போராடிய அய்யங்காளி பிறந்த ஊரும் வெங்ஙானூரே.) உள்ளாட்சி அமைப்பு இடமும் பணமும் தரும், குடும்பஸ்ரீ துணைநிற்கும். பதினெட்டு வயது வரையுள்ளோர்க்குப் பட்ஸ் பள்ளி. அதற்கு மேற்பட்டோர்க்கு மறுவாழ்வு மையம். இன்று மாநிலத்தில் இவை முந்நூறுக்கும் மேல் உள்ளன. பிள்ளைகள் அங்கே பாட்டும் கைத்தொழிலும் கற்கிறார்கள் என்பது ஒரு பயன். காலையில் வண்டி வந்து பிள்ளையை அழைத்துச் சென்றால் மாலை வரை தாய்க்குச் சில மணி நேரம் கிடைக்கிறது என்பது மற்றொன்று. அறிக்கைகளில் பெரிதாக எழுதப்படாதது. அந்நேரத்தில் ஒருத்தி தையல் வேலை செய்கிறாள், ஒருத்தி தூங்குகிறாள். தூங்குவதையும் பயனாகவே கணக்கிட வேண்டும்.

கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் ஆசுவாசகிரணம் என்ற திட்டம் பராமரிப்போருக்கென்றே உதவித்தொகை வழங்குவது. பல ஆண்டுகளாக மாதம் 600 ரூபாய் என்ற அளவில் இருந்துவந்த அத்தொகை போதாது என்பதும், காலந்தாழ்ந்து கிடைக்கிறது என்பதும் பயனாளிகளின் நெடுநாள் குறை. அக்குறை நியாயமானது. ஆயினும், நோயுற்றவருக்கு அல்லாமல் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு என்று ஓர் அரசு தனியே ஒரு தொகையை எழுதியது சிறிய மாற்றமன்று.

யூதத் தெருவில் ஒரு வீடு

அமைப்புகளுக்கு வெளியே, தனி மனிதர் தாமாகவே சுமைதாங்கியாக நின்றதற்கும் மட்டாஞ்சேரியிலேயே சான்றுண்டு. யூதத் தெருவில் கைத்தையல் கடை நடத்திவந்த சாரா கோஹன் அம்மையாருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய இனத்தார் ஏறத்தாழ அனைவரும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அத்தெருவில் சிறுவனாகச் சுற்றுலாப் பயணியருக்கு அஞ்சலட்டை விற்றுவந்த தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் இளைஞர், அந்த வீட்டில் தம் பொருள்களை வைக்க இடம் பெற்று, மெல்ல மெல்ல வீட்டுப் பிள்ளையானார். சாராவின் கணவர் ஜேக்கப் காலமான பின், அவர் கேட்டுக்கொண்டிருந்தபடியே, தாஹா அம்மையாரைக் கவனித்துக்கொண்டார். கடையையும் நடத்தினார். யூதச் சடங்குகளுக்கு வேண்டியவற்றையும் தேடிக்கொடுத்தார். 2019 ஆகஸ்டு இறுதியில், 96-ஆம் வயதில், சாரா அம்மையார் மறைந்தார்.

இந்நிகழ்ச்சி முதியவரைப் பற்றியது. குழந்தை வளர்க்கும் பெற்றோரைப் பற்றியதன்று. எனினும் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தாஹா முதலில் உதவி செய்பவராக அவ்வீட்டில் நுழையவில்லை. உதவி பெறுபவராகவே நுழைந்தார். வைக்க இடம் கொடுத்தவர்களுக்கு அவர் பின்னாளில் தோள் கொடுத்தார். கொடுக்கல் வாங்கல் முன்பே இருந்த வீட்டில் உதவி கேட்பது கூச்சமாயிராது. களைத்த தாயிடம் உதவி ஏற்குமாறு சொல்வதற்கு முன், அவளிடம் ஒரு மீன்குழம்புப் பக்குவத்தையோ தையல் வேலையையோ கேட்டுப் பெறுவது நல்ல தொடக்கமாகும்.

சட்டம் சொல்வது

இளைப்பாறுதல் தரும் பராமரிப்பு என்பது பெற்றோர் சலுகையாகக் கேட்பதன்று. ஐக்கிய நாடுகள் 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு, வறுமையில் வாழும் குடும்பங்களுக்குப் பயிற்சி, ஆலோசனை, பொருளுதவி ஆகியவற்றோடு இதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்தியா 2007 அக்டோபரில் அதனை ஏற்று உறுதிசெய்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மிகுந்த ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைப் பற்றிப் பேசுகிறது.

அதற்கும் முன்னதாக, 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளிலுள்ளோருக்கென்றே உண்டானது. இவ்வறக்கட்டளையின் தலைவராகப் பின்னாளில் பணியாற்றிய பூனம் நடராஜன், மூளை முடக்குவாதமுள்ள மகனை வளர்த்த தாய். 1985-இல் சென்னையில் வித்யாசாகர் நிறுவனத்தைத் தொடங்கியவர். பெற்றோரின் தேவையைப் பெற்றோரே சொன்னால்தான் சட்டத்திற்கும் உயிர் வரும் என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு. அறக்கட்டளை வகுத்த திட்டங்களுள் விகாஸ் என்பது பகல்நேரக் காப்பகத்திற்கானது. சமர்த் என்பது, குடும்பத்தார் பிற கடமைகளைப் பார்க்கும்படி பிள்ளையைச் சில காலம் தங்கவைத்துக் கவனிப்பதற்கானது. நிராமயா ஓராண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடு. இத்திட்டங்கள் எல்லா ஊர்களிலும் எட்டும் தூரத்தில் இல்லை என்பது உண்மை. அதனாலேயே பக்கத்து வீட்டின் இரண்டு மணி நேரத்திற்கு மதிப்பு மிகுதி.

அந்த இரண்டு மணி நேரம்

உதவ விரும்பும் அன்பர்கள் செய்யும் முதல் தவறு, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்வது. கூப்பிடுவதே அந்தத் தாய்க்கு மிகக் கடினமான செயல். செவ்வாய்க்கிழமை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை வருகிறேன் என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்வதே உதவி. சொன்ன நாளில் தவறாமல் வர வேண்டும். முடியாதென்றால் முதல் நாளே தெரிவிக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தை நம்பி அவள் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருப்பாள்.

முதல் சில வாரங்கள் தாயை வெளியே அனுப்ப முயலக் கூடாது. அவள் இருக்கும்போதே பிள்ளையோடு பழக வேண்டும். எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் சாய்த்து ஊட்டுவது, எந்தச் சத்தம் பசியைக் குறிக்கிறது, எந்தச் சத்தம் வலியைக் குறிக்கிறது என்பவற்றை அவளே கற்றுக்கொடுப்பாள். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியை அவள். அவள் சொல்வதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. மருந்தின் பெயர், நேரம், மருத்துவமனையின் தொலைபேசி எண், பிள்ளைக்குப் பிடித்த பாட்டு, பிடிக்காத ஓசை எல்லாம் அதில் இருக்கட்டும்.

வலிப்பைப் பற்றிய அச்சமே பலரை இவ்வீடுகளிலிருந்து விலக்கி வைக்கிறது. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது பயனற்றது. வாயில் கரண்டியோ துணியோ வைப்பது ஆபத்தானது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடிக்கக்கூடிய பொருள்களை அகற்றி, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமே நின்றுவிடும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இவ்வளவு தெரிந்தவர் ஒருவர் அருகில் இருப்பதே தாய்க்குப் பெரிய நிம்மதி.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பேச இயலாத பிள்ளைகளுக்குத் தீங்கிழைப்போரும் உலகில் உண்டு. ஆகவே இத்தொண்டில் தனியொருவரை அனுப்பாமல் இருவராக அனுப்புவதும், கதவைத் திறந்தே வைத்திருப்பதும், எவரும் எப்போதும் வந்து பார்க்கும்படி இருப்பதும் விதியாக இருக்க வேண்டும். நல்ல மனம் உடையவர்கள் இதை அவமதிப்பாகக் கருதலாகாது.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1973-இல் மார்கரெட் ஹாரிசன் என்ற அம்மையார் ஹோம் ஸ்டார்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். தாமும் பிள்ளை வளர்த்த அனுபவமுள்ள தொண்டர்கள், சிறு குழந்தைகளோடு திணறும் வீடுகளுக்கு வாரந்தோறும் செல்வதே அதன் முறை. நிபுணர்களாக அன்றி, தோழிகளாகவே அவர்கள் சென்றார்கள். பிள்ளையிடம் குறையொன்றும் இல்லாத வீட்டிலும், இரட்டைக் குழந்தைகளோ, பேறுகாலத்திற்குப் பின் வந்த மனச்சோர்வோ, கணவரின் பிரிவோ தாயைத் தளர்த்திவிடக்கூடும். கூட்டுக் குடும்பம் சுருங்கிய நம் நகரங்களிலும் இத்தகைய வீடுகள் குறைவல்ல. சோர்வு மிகுந்து, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள்.

வினையும் குற்ற உணர்வும்

பக்தியுள்ள குடும்பங்களில் ஒரு தனித் துன்பம் உண்டு. முற்பிறவிப் பாவம் என்று உறவினர் சொல்வது அது. வினைக்கொள்கை தன்னைத் தானே சீர்தூக்கிக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது. அடுத்த வீட்டுத் தாயின் மேல் எறிவதற்காகச் சொல்லப்படவில்லை. பிள்ளையின் நிலைக்கு வினை காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டாருக்கு உதவும் வாய்ப்பு வந்ததும் வினையின் ஏற்பாடாகத்தானே இருக்க வேண்டும்?

மறுபுறம், இது கடவுள் கொடுத்த தவம், இதில் ஓய்வு கேட்பது குறை என்று தாயே எண்ணிக்கொள்வதும் உண்டு. தவம் செய்பவரும் உண்டு உறங்குகிறார். அளவோடு உண்டு, அளவோடு உறங்கி, அளவோடு உழைப்பவருக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்பது கீதை காட்டும் நெறி. உறக்கமின்றித் தன்னை வருத்திக்கொள்வதை அது புகழவில்லை.

எங்களுக்குப் பிறகு

இப்பெற்றோர் கூடும் இடங்களிலெல்லாம் கடைசியில் எழும் கேள்வி ஒன்றே. தங்களுக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதே அது. பதில் தெரியாததால் சிலர் பிள்ளை தமக்கு முன்பே போய்விட வேண்டும் என்று இறைவனிடம் வேண்டுகிறார்கள். அந்த வேண்டுதலைக் கேட்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும், சட்டத்தின் கண்ணில் பெற்றோரும் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். எர்ணாகுளம் மாவட்டத்தாருக்கு ஆட்சியர் அலுவலகம் காக்கநாட்டில் உள்ளது. வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், சொத்து ஆகிய எல்லாவற்றுக்கும் இது பின்னர் உதவும். உடன்பிறந்தோரை இதில் சேர்க்கும்போது அவர்கள் விருப்பத்தையும் கேட்க வேண்டும். அண்ணனோ தங்கையோ கட்டாயம் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்கள் பிறந்த நாளிலேயே முடிவு செய்துவிடுவது அக்குழந்தைகளுக்கும் பாரமாகிறது.

இளைப்பாறுதலுக்கும் இந்தக் கேள்விக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. முப்பது வயது வரை தாயை விட்டு ஓர் இரவும் பிரிந்திராத பிள்ளை, தாய் இறந்த அன்றே புதிய இடம், புதிய கை, புதிய உணவு எல்லாவற்றையும் ஒருசேரச் சந்திக்கிறது. தாயை இழந்த துயரத்தோடு இதுவும் சேர்கிறது. இதை எண்ணியே விவரமறிந்த பெற்றோர், தாம் நலமாக இருக்கும்போதே பிள்ளையைப் பிறரிடம் பழக்குகிறார்கள். முதலில் பக்கத்து வீட்டில் ஒரு பிற்பகல். பிறகு சித்தி வீட்டில் ஓர் இரவு. அடுத்த ஆண்டு ஒரு காப்பகத்தில் மூன்று நாள்கள். போகும்போது பிள்ளையின் தட்டும் தம்ளரும், தாயின் பழைய சேலை ஒன்றும் பையில் வைக்கப்படுகின்றன. முதல் இரவில் தூங்காதது பெரும்பாலும் தாயாகத்தான் இருக்கும்.